கை மாறி வந்த புத்தகங்கள்

நல்ல புத்தகமொன்றைப் படித்து முடித்தவனால் சும்மா இருக்க முடிவதில்லை. நண்பனைத் தேடிப் போய், 'இதைப் படித்தீரா?' என்று கேட்டால்தான் அவனுக்கு மனம் ஆறும். நல்ல படம் பார்த்துவிட்டு வந்தவன் நிலையும் இதுவே. இலக்கியம் பரவியது விமர்சகர்களின் எழுத்தால் என்பதிலும் பார்க்க, இத்தகைய வாய்ச் சொற்களால் என்பதே பொருந்தும். ஆனால் இந்தச் சாதாரண மனிதச் செயல் இலங்கையின் மலையகத்திலே நெடுங்காலம் சாதாரணமானதாக இருக்கவில்லை. தோட்டத்துக்குள் வெளியார் காலடி வைப்பதே அத்துமீறல் எனப்பட்டது. வந்தவர் கையில் அச்சடித்த தாள் இருந்துவிட்டால் அது கலகம் எனப்பட்டது. அங்கே ஒரு புத்தகம் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்ததென்றால், அதை எவரோ ஒருவர் ஒளித்துக் கொண்டுவந்தார் என்றே பொருள்.

அப்புத்தளைக்குக் கீழே, பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயவை நோக்கி மலை இறங்கும் வழியில் கொஸ்லந்த என்னும் சிற்றூர் உள்ளது. சிறிது தூரத்தில் 720 அடி உயரத்திலிருந்து தியலும அருவி விழுகிறது. உல்லாசப் பிரயாணிகள் அருவியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவர். மேலே பூனாகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் லயங்கள் இருப்பதை அவர்களுட் பலர் அறியார். இப்படிப்பட்ட ஓரிடத்தில் படிப்பிக்கும் ஆசிரியரையும், அவரிடம் படித்துப் பல்கலைக்கழகம் புக முயலும் மாணவரையும் மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம். எதைப் படிப்பது, எந்தப் படத்தைப் பார்ப்பது என்று அவர்கள் கேட்கும்போது, சென்னையிலும் கொழும்பிலும் பேசப்படும் பெயர்களை மட்டுமே நாம் திருப்பிச் சொன்னால், தம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றை அவர்கள் ஒருபோதும் காணமாட்டார்கள். இம்மலைகளுக்கு எழுத்து எவ்வழியாக வந்தது, யார் கொண்டுவந்தார், யார் தடுத்தார் என்று பார்த்துக்கொண்டு போனால், எதைப் படிப்பது என்னும் கேள்விக்கு விடையும் வழியிலேயே கிடைத்துவிடும்.

தோட்டங்களைப் பற்றித் தொடக்கத்தில் அச்சேறிய எழுத்து தொழிலாளருக்காக எழுதப்பட்டதன்று. ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869 இல் வெளிவந்தது. கும்மி என்றதும் பெண்கள் கைகொட்டி ஆடும் பாட்டே நம் நினைவுக்கு வரும். இதிலோ கோப்பிச் செய்கையின் வேலை முறைகள் துரைத்தனத்தின் பக்கத்தில் நின்று பாடப்பட்டன. அடுத்து வந்தவை துரைமார் தமிழ் கற்பதற்கான கைந்நூல்கள். அவற்றுள் ஒன்றின் பெயரே 'இங்கே வா'! பிறமொழி கற்பவர் எவரும் முதலில் வணக்கம் சொல்லக் கற்பதே வழக்கம். இவர்கள் ஏவக் கற்றார்கள். 1915 இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலுக்கு 'கூலித் தமிழ்' என்றே பெயர். வள்ளுவனும் இளங்கோவும் எழுதிய மொழி, பெரட்டுக்களத்தில் 'வா, போ, எடு, வெட்டு' என்னும் வினைகளாகச் சுருங்கிப் போன கதை இது.

இக்கதையை ஆவணங்களைத் தேடியெடுத்து எழுதியவர் பதுளைக்காரரான மு. நித்தியானந்தன். அவருடைய 'கூலித்தமிழ்' 2014 இல் க்ரியா வெளியீடாக வந்தது. அண்மைக் காலத்து நூல்களுள் ஆசிரியர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதுவே என்பது நம் கருத்து. ஆராய்ச்சி நூல் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மொழியில் எந்தச் சொற்கள் யாருக்காக அச்சிடப்பட்டன என்று கேட்டுக்கொண்டே போகிறார் ஆசிரியர். அந்தக் கேள்வியே துப்பறியும் கதைபோல நம்மை இழுத்துச் செல்கிறது. இலக்கணம் படிப்பிக்கும் நண்பர்கள் ஏவல் வினைமுற்றுக்கு இதிலிருந்து உதாரணம் காட்டலாம். வகுப்பில் எந்த மாணவனும் அதை மறக்கமாட்டான்.

தொழிலாளருக்கென்று எழுத்தைக் கொண்டுவந்த முதல்வர் என்று கோ. நடேசய்யரைத்தான் சொல்லவேண்டும். தஞ்சை மாவட்டத்தவரான அவர், தோட்ட மக்களின் நிலையை நேரிற் காண விரும்பியபோது உள்ளே நுழைய வழி இருக்கவில்லை. புடைவை வியாபாரி என்றால் மட்டும் காவற்காரன் விடுவான். ஆகவே துணி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு லயங்களுக்குட் சென்றார். 1920 இல் இலங்கையிலேயே தங்கிப் பத்திரிகைத் தொழிலில் இறங்கிய பின்னும் மூட்டைக்குள் துண்டுப்பிரசுரம் வைத்துச் செல்லும் இந்தத் தந்திரம் அவருக்குக் கைகொடுத்தது. 'தேசநேசன்' முதலிய பத்திரிகைகளை நடத்தினார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் முதலிற் பாடுவார்; மக்கள் திரண்டதும் ஐயர் பேசுவார். எழுத்தறியாதவர்களிடம் ஒரு கருத்தைக் கொண்டுசெல்ல வேண்டுமானால் அதைப் பாட்டாக்க வேண்டும் என்பதை அவ்வம்மையார் எந்த நூலிலும் படித்து அறிந்ததில்லை. அவருடைய பாடல்கள் 1940 இல் சிறு நூலாக வந்தன. இவ்விருவரின் வரலாற்றை அறிய சாரல் நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூல் உண்டு. 1988 இல் வந்தது. இன்றும் அதன் பயன் குறையவில்லை.

இதே காலத்தில் தமிழகத்தில் நம் மக்களைப் பற்றி எழுதியவர் புதுமைப்பித்தன். 'துன்பக்கேணி' 1935 இல் மணிக்கொடியில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போகும் ஏழைப் பெண்ணின் சீரழிவை அவர் எழுதிய வேகம் இன்றும் படிப்பவரைச் சுடுகிறது. ஆனால் அவர் இத்தோட்டங்களைக் கண்டவரல்லர். துயரத்தை அவர் கண்டார். அத்துயரத்தின் நடுவே வாழவும் சிரிக்கவும் சண்டையிடவும் சங்கம் அமைக்கவும் தெரிந்த மனிதர்களைக் காணவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் கதையை வெளியிலிருந்து எழுதும்போது பரிதாபம் வரும். உள்ளிருந்து எழுதும்போதுதான் கணக்கு வழக்கு வரும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் நாவல். தோட்ட மக்களின் புறப்பாட்டையும் ஏமாற்றத்தையும் ஒரு பெண்ணின் கண்வழி காட்டியது என்பதற்காகவே அதை மாணவிகளுக்கு விசேடமாகச் சொல்லலாம்.

உள்ளிருந்து வந்த குரல் எது? சி. வி. வேலுப்பிள்ளையின் பெயர் உடனே நினைவுக்கு வரும். வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த அவர், 1947 தேர்தலில் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் நாடற்றவராயினர். அடுத்த தேர்தலில் வாக்குரிமையும் இல்லாதவராயினர். தம் மக்களைப் பற்றி அவர் முதலில் ஆங்கிலத்திலேயே எழுதினார். துரைமாருக்கும் வெளியுலகுக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருந்தமையால் அம்மொழி தேவைப்பட்டது போலும். பிற்காலத்தில் 'தேயிலை தேசம்' என்று மு. சிவலிங்கம் தமிழாக்கிய நூல், சி. வி. ஆங்கிலத்தில் எழுதிய தோட்ட மக்களின் சித்திரங்களே. கங்காணி, டிரைவர், கொழுந்து பறிப்பவள் என்று ஒவ்வொருவரும் தத்தம் வேலையோடு வந்து நிற்கும் அழகுக்காக அதைப் படிக்க வேண்டும்.

1960 களில் நிலைமை மாறலாயிற்று. தினகரனில் க. கைலாசபதி ஆசிரியராக இருந்தபோதும், வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் தோட்டப் பகுதிகளுக்கான பக்கத்தைக் கவனித்தபோதும், தோட்டத்து இளைஞர்களின் கதைகள் அச்சேறின. சிறுகதைப் போட்டிகள் நடைபெற்றன. பரிசு பெற்ற கதைகள் 'கதைக்கனிகள்' என்று 1971 இல் நூலாயின. 1966 இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை மலையக எழுத்தாளருக்கும் இடந்தந்தது. எழுதுபவர் பெருகினர். எனினும் நூலாகப் போடுவதற்கு ஆளில்லை. பத்திரிகையில் வந்த கதை மறுநாள் மளிகைக் கடையில் பருப்பு மடிக்கப் போய்விடும். இதுதான் மலையக இலக்கியத்தின் உண்மையான இடர்.

இந்த இடரைத் தீர்க்கப் பதுளையிலிருந்து ஒரு முயற்சி பிறந்தது. மு. நித்தியானந்தன் 'வைகறை' என்னும் பெயரில் சிறிய வெளியீட்டகம் ஒன்றை நடத்தினார். 1979 இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980 இல் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', 1981 இல் சி. வி. யின் 'வீடற்றவன்'. மூன்றே ஆண்டில் மூன்று நூல்கள். 1981 இன் இறுதியில் நித்தியானந்தன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டார். வைகறையின் கதை அவ்வளவே. ஆனால் மலையகத்தின் சிறுகதையையும் நாவலையும் பற்றி இன்று யார் பேசினாலும் இந்த மூன்றையும் தாண்டிப் போக முடிவதில்லை. பெரிய பதிப்பகங்கள் பல வருடங்களிற் செய்யாததை ஒரு மாவட்டத் தலைநகரத்துச் சிறு முயற்சி செய்தது. பதுளை என்றால் முத்தியங்கனை விகாரையும் ரயில் பாதையின் கடைசி நிலையமும் மட்டுமல்ல என்று ஊவாவின் மாணவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இந்த மூன்று நூல்களையும் சிறிது நின்று பார்ப்போம்.

இராமையாவின் தலைப்புக் கதை மிக எளிய நிகழ்ச்சியொன்றின் மேல் நிற்கிறது. ஒரு பெண் ஒரு நாளிற் கிள்ளிய கொழுந்தின் நிறை மற்றவர்க்கு ஐயத்தை உண்டாக்குகிறது. தராசின் பக்கத்தில் நிற்கும் இளைஞனுக்கும் அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று பேச்சு எழுகிறது. அவள் தன் உழைப்பாலேயே விடை சொல்கிறாள். இதிலே மூலதனமும் சுரண்டலும் என்னும் சொற்கள் வருவதில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. றாத்தற் கணக்கும், கூடையின் பாரமும், தேர்ந்த கைகளின் வேகமும், ஊர் வாயும் இருக்கின்றன. பொருளாதாரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. நம் முற்போக்கு எழுத்தாளரிற் சிலர் தொழிலாளியை மேடைப் பேச்சாளனாக்கிக் கெடுத்ததை நினைக்கும்போது இராமையாவின் அடக்கம் பெரிதாகத் தோன்றுகிறது.

'வீடற்றவன்' தொழிற்சங்கத்தின் கதை. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டவை. வேறிடத்துத் தொழிலாளிக்கு வேலை போனால் வாடகை வீடாவது சிலநாள் இருக்கும். இங்கோ சங்கம் அமைத்தவனுக்கு அன்றே 'பத்துச் சீட்டு'. சீட்டு வாங்கியவனுக்கு லயத்தில் இடமில்லை. அடுத்த தோட்டத்துத் துரையும் அவனைச் சேர்க்கமாட்டார். இந்தப் பொறியின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் மலையகத்துத் தொழிற்சங்க வரலாற்றைப் படிப்பது வீண். நாவல் என்ற முறையில் அதன் கட்டுக்கோப்பில் தளர்ச்சி உண்டு. சி. வி. க்குக் கதையைவிட மனிதர்மீதே கண். எனினும் இதனை வரலாற்று ஆசிரியர்கள் பாடநூலுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்போம்.

தெளிவத்தை ஜோசப் ஊவாவின் மகன். 1934 இல் பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். தெளிவத்தைத் தோட்டத்திற் பணியாற்றிய காலத்தில் எழுதத் தொடங்கி, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 2013 இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022 இல் மறைந்தார். அவருடைய 1979 ஆம் ஆண்டுத் தொகுதியின் தலைப்பு பாரதியின் சுதந்திரப் பாட்டொன்றை நினைவூட்டுவது. நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்டு, 1964 ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் கப்பலேற வேண்டியவர்களென்று எண்ணப்பட்ட ஒரு சமூகத்தின் கதைகளுக்கு அந்தத் தலைப்பு! ஒப்பந்தம் மனிதரை மட்டும் பிரிக்கவில்லை. பத்திரிகையைச் சேர்ந்து வாங்கி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட வாசகர் வட்டங்களையும் பிரித்தது. தலைமன்னாரில் ஏறியவர்களின் தகரப் பெட்டிகளோடு எத்தனை புத்தகங்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய்ச் சேர்ந்தனவோ!

ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் கதையை ஆசிரியர்கள் தாமாவது படித்திருக்க வேண்டும். வயது வந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க வேண்டியிருக்கும் ஒரு தந்தையின் வெட்கம் அதன் பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நாம் புள்ளிவிபரமாகப் படித்துவிட்டுப் போகும் லயத்துக் காம்பரா, மனிதனின் மானத்தை எவ்வாறு நெரிக்கிறது என்பதை அக்கதை சொல்லிவிடுகிறது.

அந்த லயங்கள் பழங்கதையல்ல. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரம் அது. லயங்கள் இருந்த இடம் மண்மேடாயிற்று. உயிர் தப்பியவர்கள் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளிற் தங்கவைக்கப்பட்டனர். புத்தகப்பை வைத்த வாங்குகளில் குடும்பங்கள் படுத்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது; போவதற்கு வீடுதான் இல்லை. வேலையும் வீடும் ஒரே கயிறு என்று 'வீடற்றவன்' காட்டிய முடிச்சு, நூல் வெளிவந்து முப்பத்துமூன்று ஆண்டு கழித்தும் அவிழவில்லை. தப்பியவர்களிற் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் இருந்த பின்னரே, 2016 இல் புதிய வீடுகளைப் பெற்றனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. இந்நூல்களை இலக்கியச் சுவைக்காக மட்டும் சிபாரிசு செய்கிறோம் என்று எவரும் எண்ணலாகாது என்பதற்காகவே இதனை இங்கே குறித்தோம்.

திரைப்படத்துக்கு வருவோம். தோட்டத்து மக்களுக்குப் புத்தகத்திலும் பார்க்கப் படம் நெருக்கமானது. எழுத்தறிவு கேளாத கலை அது. சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மலை இறங்கி நகரத்துக் கொட்டகைக்கு நடப்பது ஒரு திருவிழா. எம். ஜி. ஆர். மேல் அவர்கள் கொண்ட பற்றைப் படித்தவர்கள் கேலி செய்வதுண்டு. அவர் கண்டியிற் பிறந்தவர் என்பது ஒரு காரணம். 1965 இல் இலங்கைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டில் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் கொடுமைக்காரனின் சாட்டை கை மாறி அடிவாங்கியவன் கைக்கு வருகிறது. கங்காணியின் கம்பை அறிந்த மக்கள் அக்காட்சியில் ஆரவாரித்தது அறியாமையால் என்று நாம் கருதவில்லை. ஆனால் சாட்டை கை மாறினால் போதும், தோட்டம் யாருடையது என்று கேட்கவேண்டியதில்லை என்று அப்படம் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அங்கேதான் நமக்கு வழக்கு.

இலங்கையிலேயே எடுத்த தமிழ்ப் படங்கள் 1962 இல் 'சமுதாயம்' தொடங்கி வந்தன. மறுவருடம் வந்த இரண்டாவது படத்தின் பெயர் 'தோட்டக்காரி' என்பது கவனிக்கத்தக்கது. 1970 களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாசகர்கள் முணுமுணுத்தனர், எழுத்தாளர்களோ மூச்சுவிட்டனர். வீரகேசரிப் பிரசுரங்கள் வரிசையாக வெளிவந்தன. ஜோசப்பின் முதல் நாவலான 'காலங்கள் சாவதில்லை' 1974 இல் அவ்வரிசையில் வந்ததுதான். உள்ளூர்ப் படங்களுக்கும் அதே காற்று வீசியது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975 இல் 'புதிய காற்று' என்னும் படத்தைத் தயாரித்து நடித்தார். எஸ். இராமநாதன் இயக்கினார்; எழுத்தில் தெளிவத்தை ஜோசப்பின் கை இருந்தது. சங்கக்காரர் ஒருவர் தம் மக்களின் வாழ்வைப் படமாக்கத் துணிந்தது தமிழ்த் திரை வரலாற்றில் அபூர்வமான செயல். அக்காலத்து இலங்கைப் படங்களிற் பெரும்பாலானவற்றில் கோடம்பாக்கத்தின் சாயல் படிந்திருந்தது உண்மையே. ஆயினும் தேயிலை மலை அங்கே கதாநாயகி ஓடிப் பிடித்து விளையாடும் இடமாக இராமல் வேலைத்தலமாக இருந்தது என்பது சிறிய காரியமன்று. கணேசன் 1978 இல் 'நான் உங்கள் தோழன்', 1981 இல் 'நாடு போற்ற வாழ்க' ஆகியவற்றையும் தந்தார். 1977 இன் திறந்த பொருளாதாரம் கதவுகளைத் திறந்துவிட்டது; 1983 இன் தீ எஞ்சியதையும் எரித்தது. அதன் பின் உள்ளூர்த் தமிழ்ப் படம் நெடுநாள் எழும்பவில்லை.

இன்று கொஸ்லந்தை மாணவன் கையிலுள்ள தொலைபேசியில் உலகத்துப் படங்கள் எல்லாம் ஓடுகின்றன. மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. எதைப் பார்ப்பது என்று அவனுக்கு முன்கூட்டித் தீர்மானித்து வைக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. இயந்திரத்தின் சிபாரிசுக்கும் நண்பனின் சிபாரிசுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நண்பன் தன் சொல்லுக்குப் பொறுப்பாளி. மறுநாள் அவனை மடக்கிக் கேட்கலாம். அந்தப் பொறுப்போடு மூன்று படங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, பாலாவின் 'பரதேசி' (2013). அதைத் தனியே பார்க்கவேண்டாம். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969 இல் வந்த நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதை முதலிற் படித்துவிட்டே படத்தைப் பார்க்க வேண்டும். களம் வால்பாறை மலை. ஆனால் முன்பணம், நெடுநடை, கங்காணி, கடன் எல்லாம் நம் பாட்டன்மார் கண்டவையே. படத்தின் முற்பாதியிற் பசியும் நடையும் காட்டப்பட்ட விதம் தமிழ்த் திரையில் வேறெங்கும் இல்லை எனலாம். ஆனால் முடிவை நெருங்கும்போது, நாவலில் தொழிலாளருக்காக மனம் வெதும்பும் டாக்டரின் இடத்தில், ஆடிப்பாடி மதம் மாற்றும் கோமாளி ஒருவரைப் பாலா நிறுத்திவிட்டார். டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர் சங்கம் காண உழைத்தவர். அவருடைய நூலுக்கு இந்த அநீதி செய்யலாமா? கம்பெனியைக் கேட்கவேண்டிய கேள்வியைப் பாதிரியாரிடம் திருப்பிவிட்டது இப்படம். இந்த ஒரு விஷயத்தையே வகுப்பில் ஒரு நாள் விவாதிக்கலாம்.

இரண்டாவது, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). தேனிப் பக்கத்திலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ரெங்கசாமிக்குத் துண்டு நிலம் வாங்க ஆசை. வாழ்நாளெல்லாம் முயன்று வாங்கிய நிலத்தை இழந்து, அதே நிலத்தில் நிறுவப்பட்ட காற்றாலைக்கு அவனே காவற்காரனாகிறான். கூச்சல் இல்லை, வில்லன் என்று ஒருவனைக் காட்டி நம் கோபத்தை எளிதில் வடியவிடும் சூழ்ச்சியும் இல்லை. நிலமற்ற மலையக மக்கள் இப்படத்தைத் தம் கதையாகவே பார்ப்பார்கள். நம் மனத்துக்கு மிக நெருங்கியது இதுதான்.

மூன்றாவது, சிங்களத் திரையின் மூத்த கலைஞர் பிரசன்ன விதானகே மலையாளத்தை முதன்மையாக வைத்து எடுத்த 'பாரடைஸ்' (2023). 2022 இன் பொருளாதார நெருக்கடியில், மலைநாட்டு விடுதியொன்றில் தங்கிய கேரளத் தம்பதியரின் தொலைபேசிகளும் கணினியும் திருட்டுப் போகின்றன. பொலிஸார் தோட்டத்துத் தமிழர் சிலரைப் பிடித்து வந்து நிறுத்துகிறார்கள். வந்தவருக்குப் பொருள் கிடைத்தாற் போதும். பொலிஸாருக்கு வழக்கு முடிந்தாற் போதும். அடிபட்டவன் உயிர் போகிறது. அத்தொழிலாளர் திரையில் தோன்றும் நேரம் குறைவு. அவர்களுடைய லயத்துக்குள் கமரா அதிகம் நுழைவதில்லை. வெளியாரின் கண்ணாலேயே மலை காட்டப்படுகிறது என்னும் பழைய குறை இங்கும் உண்டு. ஆனால் இம்முறை அந்த வெளியாரின் கண்ணையே டைரக்டர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். இராமாயணத் தலங்களைக் காணவரும் பயணி, கண்ணெதிரே நிற்கும் மனிதனைக் காணவில்லை என்பதுதான் படம். ஒரு சிங்களக் கலைஞர் இதை எடுத்தார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். இன வெறியை எதிர்ப்பதற்குத் துணைவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறிவது நல்லது.

2023 இல், மக்கள் கோப்பிக் காட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்தது. அதையொட்டி மலையகம் பற்றிப் பேச்சும் எழுத்தும் பெருகின. நல்லதே. பழைய நூல்களைத் தேடுவோருக்கும் இன்று ஓரளவு வழி உண்டு. துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் 1997 இல் வெளியிட்ட 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் இரு தொகுதிகளில் பல தலைமுறைக் கதைகளும் ஒருங்கே கிடைக்கும். ஈழத்து நூல்களைப் படியெடுத்து எவரும் இலவசமாகப் படிக்கவைக்கும் 'நூலகம்' என்னும் இணையத் தொகுப்பிலும் தேடலாம். தொலைபேசி இருக்கிறதல்லவா? அது இதற்கும் பயன்படட்டும்.

தொடங்குவதற்கு ஒன்றே ஒன்று கேட்பீர்களானால், 'ஒரு கூடைக் கொழுந்து' என்போம். வகுப்பில் உரக்கப் படிக்கும் அளவுக்குச் சிறிய கதை அது. படித்த அன்று கேள்வி-பதில் வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாயிடமோ அக்காளிடமோ சில விபரங்களைக் கேட்டு எழுதிவரட்டும்: இப்போது நாளொன்றுக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள், தராசில் கூடைக்கும் ஈரத்துக்குமென்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள், கழித்ததைத் துண்டில் எழுதுகிறார்களா, இல்லையா என்று.